மலைப்பாதையில் ஓடும் பழைய காரின் ஒயில் அழுத்தம்: சம்புக்குள் தடுப்புத் தகடு பொருத்தும் முறை

நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கமாக இறங்கும் வீதியில், லபுக்கலையைத் தாண்டி றம்பொடை நோக்கி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடத்தில், என்னுடைய மொரிஸ் மைனரின் ஒயில் விளக்கு ஒரு கணம் எரிந்து அணையும். நேர் வீதிக்கு வந்துவிட்டால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். அதே வளைவுகளில் ஏறிவரும்போது அது எரிந்ததே இல்லை. வண்டியை வாங்கிய புதிதில் நான் இதை வயர் கோளாறு என்று எண்ணி, இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ததோடு விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சம்பைக் கழற்றிப் பார்த்தபோது, பிக்என்ட் பெயாரிங்குகள் (எஞ்சினின் சுழல்தண்டைப் பிடிக்கும் உலோகத் தாங்கிகள்) இரண்டில் மேற்பூச்சு உரிந்து செம்பு நிறம் வெளியே தெரிந்தது. அந்தச் செலவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வளைவில் ஒயில் எங்கே போகிறது

சம்ப் என்பது எஞ்சினின் அடியில் தொங்கும் ஒயில் தொட்டி. அதன் அடித்தளத்துக்குச் சற்று மேலே ஸ்ட்ரெய்னர் என்ற வலைமுனை இருக்கிறது. பம்ப் அதன் வழியாகத்தான் ஒயிலை உறிஞ்சுகிறது. வண்டி சமதரையில் நிற்கும்போது ஸ்ட்ரெய்னர் ஒயிலுக்குள் நன்றாக மூழ்கியிருக்கும். ஆனால் ஒயில் சம்புடன் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பஸ்ஸில் ஒருவர் கையில் பிளேன் டீ கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது வளைவில் அது ஒரு பக்க விளிம்புக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சம்புக்குள் நடப்பதும் அதுவேதான். எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை மட்டும் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

12 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்காகிறது. அப்போது ஒயிலின் மேற்பரப்பு 22 பாகை சாய்கிறது. சம்பின் அகலம் 20 சென்ரிமீட்டர் என்றால், ஒரு சுவரில் ஒயில் 4 சென்ரிமீட்டர் ஏறுகிறது. எதிர்ச் சுவரில் அதே அளவு இறங்குகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கிக்கொண்டே மிதமாக பிரேக் பிடித்தால், சரிவும் பிரேக்கும் ஒரே திசையில் கூட்டுச் சேர்ந்து ஒயிலை முன்பக்கம் தள்ளுகின்றன. 30 சென்ரிமீட்டர் நீளமான சம்பில் பின்சுவர் ஓரத்தில் மட்டம் 6 சென்ரிமீட்டர் வரை தாழக்கூடும். பழைய சம்புகள் பலவற்றில் ஒயிலின் மொத்த ஆழமே அவ்வளவுதான். இறங்கும்போது மட்டும் விளக்கு எரிவதற்கும், ஏறும்போது அது பேசாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே: ஏற்றத்தில் ஒயில் பின்னோக்கிப் போகிறது, ஸ்ட்ரெய்னர் பின்பக்கமாக இருந்தால் அது இன்னும் ஆழமாக மூழ்குகிறது.

ஸ்ட்ரெய்னர் வெளியே தெரிந்த கணத்தில் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. கிராங் என்ற சுழல்தண்டும் பெயாரிங்கும் உலோகத்தோடு உலோகம் தொடாமல் இருப்பது இடையிலுள்ள மெல்லிய ஒயில் படலத்தால்தான். காற்றுக் குமிழ் அந்த வேலையைச் செய்யாது. ஒரு வினாடிதானே, என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒரு வினாடியில் 50 சுற்று முடிந்துவிடுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நுவரெலியாவின் உயரமே ஒயில் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றை மிஞ்சிய அழுத்தத்தை மட்டுமே. உயரத்தின் மீது பழி போடுவதில் பயனில்லை. வளைவும் சரிவும்தான் காரணம்.

தகடு வெட்டுவதற்கு முன் ஊசியைப் படியுங்கள்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: தடுப்புத் தகடு, அதாவது ஒயில் ஸ்ட்ரெய்னரைவிட்டு ஓடிவிடாமல் சம்புக்குள் மறிக்கும் தகடு, ஒரே ஒரு நோய்க்குத்தான் மருந்து. கேஜின் ஊசி எப்போது, எந்த இடத்தில் விழுகிறது என்று தெரியாமல் சம்பைக் கழற்றுவது, காய்ச்சலா தலைவலியா என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

எனவே முதல் வேலை, உண்மையான கேஜ் ஒன்றைப் பொருத்துவது. என் மைனரில் இருப்பது வெறும் எச்சரிக்கை விளக்கு. அதன் சுவிட்ச் பொதுவாக சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்கும் கீழே அழுத்தம் போன பின்புதான் விளக்கை எரிக்கும். அதாவது விளக்கு மினுங்கும் நேரத்தில் பாதிக்கப்பட வேண்டியது ஏற்கெனவே பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். சுவிட்ச் பொருந்தியிருக்கும் இடத்தில் மூன்று வழி இணைப்பு ஒன்றைப் போட்டால் விளக்கையும் கேஜையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். கேஜுக்குப் போகும் செப்புக் குழாயை எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குக் கொண்டுபோகும் இடத்தில் இரண்டு சுருள் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் குழாய் வெடித்து, ஒயில் முழுவதும் வீதிக்குப் போய்விடும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பழைய கேஜ்கள் தாராளமாகக் கிடைக்கும். வாங்கியதை அப்படியே நம்பாமல், சரியென்று தெரிந்த இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைனரின் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், சூடேறிய பின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவிலும், ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) 15 இறாத்தல் அளவிலும் அழுத்தம் நிற்க வேண்டும். சூடேறிய பின் என்பது முக்கியம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லின் மீது உறைபனி படியும் நுவரெலியாக் காலையில் வண்டியைத் தொடங்கினால், ஒயில் தடித்திருப்பதால் எந்தத் தேய்ந்த எஞ்சினும் அழகான எண்ணைக் காட்டும். தண்ணீர் சூடேறிவிட்டது என்பதற்காக ஒயிலும் சூடேறிவிட்டது என்று எண்ண வேண்டாம்; அது பின்தங்கித்தான் வரும். குறைந்தது 20 நிமிடம் ஓட்டிய பின்பு அளவெடுங்கள்.

இனி ஊசி சொல்வதைக் கேளுங்கள். ஐட்லிங்கிலும் ஓட்டத்திலும் ஒருசேர அழுத்தம் குறைவாகவே இருந்தால், பெயாரிங் தேய்ந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஐட்லிங்கில் சரியாக நின்று, எஞ்சின் வேகம் கூடக் கூட ஊசி இறங்கினால், ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த ஊரில் கடைக்கும் பாடசாலைக்கும் என்று குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில், ஒயிலில் சேரும் நீராவி வெளியேறாமல் பால்நிறப் பசையாக மாறி இதைச் செய்யும். நேர் வீதியிலும் ஊசி நடுங்கிக்கொண்டே இருந்தால், உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்றுப் புகுகிறதா என்று பாருங்கள். நீண்ட ஏற்றத்தில் மெல்ல மெல்லத் தாழ்ந்து, மேலே போய் நிறுத்தி ஆறிய பின் பழைய நிலைக்கு வந்தால், அது வெப்பத்தால் ஒயில் நீர்த்துப்போவது. வளைவிலோ இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் ஊசி சட்டென்று விழுந்து, நேரானதும் சட்டென்று எழுந்தால் மட்டுமே அது தடுப்புத் தகட்டின் வேலை.

அந்தக் கடைசி அறிகுறி தெரிந்தாலும், ஒயில் அளவுக் கம்பியை ஒருமுறை பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் நிற்கும் மட்டம் கொழும்பு வீதிக்குப் போதும்; கினிகத்தேனை இறக்கத்துக்குப் போதாது. மேல்கோடு வரை நிரப்பியதும் குறை தீர்ந்துவிட்டால் ஸ்பானரை எடுக்கவே தேவையில்லை. அதற்காக மேல்கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. கிராங் ஒயிலில் அடித்து நுரை கிளப்பும், நுரையும் காற்றுதான்.

என் வண்டியை முதலில் பார்த்த கராஜ்காரர், "தம்பி, தடிச்ச ஒயில் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வோஷரையும் திணித்து அனுப்பினார். கேஜில் எண் கூடியது. றம்பொடையில் விளக்கு எரிவது நிற்கவில்லை. ஸ்ட்ரெய்னருக்கு எட்டாத ஒயில் தடித்ததாக இருந்தால் என்ன, நீர்த்ததாக இருந்தால் என்ன? இந்த எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 தர ஒயில் போதும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதியது போடுங்கள், வோஷர் வேண்டாம்.

சம்பைக் கழற்றி அளவெடுத்தல்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒயிலை வடித்து, வண்டியை உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, அதுவும் நம் ஊரின் சரிவான முற்றங்களில். சம்பின் போல்ட்டுகளைக் கழற்றி அதை நேராகக் கீழே இறக்குங்கள். சில வண்டிகளில் எஞ்சினைச் சற்றே உயர்த்தினால்தான் அது வெளியே வரும்.

உள்ளே ஏற்கெனவே ஏதாவது தகடு இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட தகடு வெல்டிங் விட்டுச் சாய்ந்து கிடக்கலாம், அல்லது முன்பு எஞ்சின் செய்தவர் கசடு கழுவுவதற்காக வெட்டி எறிந்திருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின், ஸ்ட்ரெய்னரின் அடிப்புறத்துக்கும் சம்பின் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளவெடுங்கள். சம்பின் விளிம்பில் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்துத் தரைவரை ஆழத்தை அளந்து, பின் எஞ்சின் பக்கத்தில் விளிம்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் வரை அளந்து கழித்தால் இது தெரியும். 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. சம்பின் அடி கல்லில் இடித்து மேலே அமுங்கியிருந்தால் இந்த இடைவெளி அடைபட்டிருக்கும். தோட்டத்து வீதிகளில் ஓடிய வண்டிகளில் இதைப் பார்க்காமல் தாண்டக் கூடாது.

அடுத்து ஒரு சோதனை. யாரும் சொல்லித் தரவில்லை, நானே செய்து பார்த்தது. ஆனால் இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை. கழுவிய சம்பை ஒரு பலகையின் மீது வைத்து, ஸ்ட்ரெய்னர் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் காட்ட ஒரு மரக்கட்டையை உள்ளே பொருத்துங்கள். மைனரின் கொள்ளளவு வடிகட்டியையும் சேர்த்து 3.7 லீட்டர் அளவில் வரும். ஓட்டத்தில் அதில் ஒரு பங்கு வடிகட்டியிலும் குழாய்களிலும் எஞ்சினின் மேல்பாகத்திலும் இருக்கும். ஆகவே இரண்டரை லீட்டர் பழைய ஒயிலை மட்டும் ஊற்றி, பலகையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் 20 பாகை வரை சாய்த்துப் பாருங்கள். மரக்கட்டையின் அடி எந்தச் சாய்வில் வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவர் எந்தப் பக்கம் தேவை என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

பெட்டியும் மூடியும்

மலைப்பாதையில் சாதாரணமாக ஓடும் வண்டிக்கு, பந்தயக் காரில் போடுவது போன்ற சிக்கலான அமைப்பு வேண்டியதில்லை. ஸ்ட்ரெய்னரைச் சுற்றி நான்கு தாழ்ந்த சுவர்கள், அவற்றின் மேல் நடுவில் திறப்புள்ள ஒரு மூடி: இது போதும். சுவர்கள் ஒயில் பக்கவாட்டில் ஓடுவதைத் தாமதப்படுத்துகின்றன, மூடி அது சுவரேறித் தாண்டுவதைத் தடுக்கிறது. முழுவதும் அடைத்து நிறுத்துவது நோக்கமல்ல. வளைவு முடியும் வரை, அதாவது நான்கைந்து வினாடிக்கு, ஸ்ட்ரெய்னரைச் சுற்றி ஒயிலைப் பிடித்துவைப்பதே நோக்கம்.

1.5 மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள இரும்புத் தகடு நன்றாக உழைக்கும். இதைவிட மெல்லியது அதிர்வில் வெடிக்கும். முதலில் பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதன்பின் தகட்டில் வரையுங்கள். சுவரின் உயரம், சமதரையில் ஒயில் கம்பியின் கீழ்க்கோடு காட்டும் மட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். சுவர்களின் அடியில், தரையை ஒட்டியே, ஒயில் உள்ளே வரத் துளைகள் வேண்டும். உறிஞ்சு குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் அதன் வாயின் பரப்பு ஏறத்தாழ 113 சதுர மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் துளைகள் எட்டுப் போட்டால் மொத்தம் 628 சதுர மில்லிமீட்டர், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். குளிர்காலைத் தடித்த ஒயிலுக்கு இந்தத் தாராளம் தேவை. துளைகளை மிகக் குறைத்தால், பம்ப் உறிஞ்சும் வேகத்துக்கு ஒயில் உள்ளே வராமல், நீங்கள் போட்ட பெட்டியே எஞ்சினைக் கொன்றுவிடும்.

சிலர் துளைகளுக்குப் பதிலாக உட்பக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளை வைப்பார்கள். ஒயில் ஸ்ட்ரெய்னரை நோக்கி வரும்போது கதவு திறக்கும், விலகப் பார்க்கும்போது மூடிக்கொள்ளும். சிறந்த முறைதான், ஆனால் கீல் தளர்வாக ஆட வேண்டும், கழன்று விழவும் கூடாது. கீலுக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய ஒரு சம்பை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஒயிலில் ஊறிய ரப்பர் வீங்கி, துண்டு துண்டாகி, ஸ்ட்ரெய்னர் வலையின் பாதியை அடைத்திருந்தது.

மூடியை வைக்கும்போது இரண்டு பொருள்களை மறந்துவிடாதீர்கள். ஒன்று, ஒயில் அளவுக் கம்பி: அது மூடியில் முட்டி நின்றால் தவறான மட்டத்தைக் காட்டும், ஆகவே அது இறங்கும் இடத்தில் தாராளமான துளை போடுங்கள். இரண்டாவது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் போல்ட்டுத் தலைகள். மூடியின் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை விரலளவு உருட்டி வைத்து, சம்பைத் தற்காலிகமாக நான்கு போல்ட்டில் பூட்டி, ஹேண்டலால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். மீண்டும் கழற்றி, களிமண் எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்து, நசுங்கிய இடத்தில் மிஞ்சிய தடிப்பை அளவெடுங்கள். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மூடியைத் தாழ்த்த வேண்டும். களிமண்ணைக் கடைசித் துணுக்கு வரை எடுத்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள்.

பொருத்துவதற்கு வெல்டிங்கே சரி. அலுமினிய ரிவெட் காலப்போக்கில் தளரும், தளர்ந்தது ஒயிலுக்குள் விழும். ஒரே மூச்சில் நீளமாக வெல்ட் பண்ணினால் சம்பின் விளிம்பு கோணலாகிவிடும். அதனால் சிறு சிறு புள்ளிகளாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பின்பு வெல்டிங் துகள்களைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, வெளிப்புறத்தில் சுண்ணாம்புப் பொடி பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். மயிரிழை ஓட்டை இருந்தாலும் காலையில் சுண்ணாம்பில் ஈரக்கோடு காட்டிக்கொடுக்கும்.

மீண்டும் பூட்டுதல்

பழைய போல்ட்டு இறுக்கத்தால் சம்ப் விளிம்பின் துளைகளைச் சுற்றி மேடு எழும்பியிருக்கும். அதைச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தாமல் எந்தப் புதிய கேஸ்கட் (மூட்டை அடைக்கும் அட்டை) போட்டாலும் கசியும். மைனரில் முன்னும் பின்னும் மெயின் பெயாரிங் மூடிகளோடு சேரும் இடத்தில் தக்கைப் பட்டைகள் தனியாக வரும். அவற்றின் முனைகள் கேஸ்கட்டோடு சேரும் மூலைகளில்தான் பெரும்பாலும் ஒழுகும், அங்கே ஒரு துளி சீலர் வையுங்கள். போல்ட்டுகளுக்கு 6 அடி-இறாத்தல் இறுக்கம் போதும். கைவலிமையைக் காட்டும் இடம் இதுவல்ல.

புதிய வடிகட்டியும் ஒயிலும் போட்ட பின், உடனே எஞ்சினைத் தொடங்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் ஊசி எழும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பம்பைத் திறந்திருந்தால் ஊசி எழ நேரமெடுக்கும். எழவே இல்லையென்றால் பம்பில் ஒயில் நிரப்பிய பின்பே மேலே போங்கள்.

வீதிச் சோதனைக்கு அதிகாலை நல்லது. சுற்றுலா வான்கள் வரிசையாக வருவதற்கு முன் முடித்துவிடலாம். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஊசியைப் பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஓட்டுபவர் வீதியைப் பார்க்கட்டும். என்னோடு வந்த மைத்துனர், முன்பு விளக்கு எரிந்த வளைவுகள் ஒவ்வொன்றிலும் ஊசியின் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: 50, 48, 45, மறுபடி 50. அதற்குக் கீழே ஒரு முறையும் போகவில்லை.

எல்லா வண்டிக்கும் இதே பெட்டி பொருந்தாது. வொக்ஸ்வாகன் பீட்டிலுக்குத் தனிச் சம்பே கிடையாது. இரண்டரை லீட்டர் ஒயில்தான், அதுவும் வளைவில் வால்வு மூடிகளுக்குள் ஓடிவிடும். அதற்கு அடியில் பொருத்தும் கூடுதல் ஒயில் அறையே வழி. மினியில் கியர்பெட்டியே சம்ப், ஆகவே அங்கே உறிஞ்சு குழாயை மாற்றுவதைத்தான் யோசிக்க வேண்டும். 1930களின் ஒஸ்டின் செவன் போன்றவை மிகக் குறைந்த அழுத்தத்திலேயே ஓடும்படி செய்யப்பட்டவை. அதன் கேஜில் 60 இறாத்தலைத் தேடி எஞ்சினைப் பிரிப்பது வீண் வேலை.

தகடு போட்டாகிவிட்டது என்பதற்காக, பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கத்தை வைத்திருக்காதீர்கள். எஞ்சின் ஐட்லிங்கில் இருப்பதால் பம்ப் தரும் அழுத்தம் குறைவு. எஞ்சின் தடை இல்லாததால் பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும், ஒயில் அதிகமாக முன்னோக்கி ஓடும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஒயிலை ஒருமுறை வடித்து, வெயிலில் வைத்து, ஒரு காந்தத்தை அதில் ஆட்டிப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டினால் வெல்டிங் துகள் சரியாகக் கழுவப்படாமல் இருக்கலாம். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறப் பொடி மினுங்கினால், பெயாரிங் முன்பே அடிபட்டிருக்கிறது. சம்பை மறுபடி இறக்க வேண்டும்.